புழுவைக் கொல்லும் விதையும் கத்தரித் தோட்டத்துக் குளவியும்

மரபணு மாற்றிய பயிர்களைப் பற்றி யாழ்ப்பாணத்தில் யாரோடு கதைத்தாலும் முதலில் வருவது சாப்பாட்டுக் கேள்விதான். சாப்பிட்டால் வருத்தம் வருமா, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, கடையில் வாங்குகிற சோயா மீற்றில் அது இருக்கிறதா என்று கேட்பார்கள். அடுத்தது, விதை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் தோட்டத்துக்குள் இறங்கி நின்றால் எனக்கு இன்னொன்றுதான் பெரிதாகத் தெரிகிறது. புழுவைக் கொல்லும் பயிரை நட்டால், அந்தப் புழுவை நம்பி வாழ்கிற குளவிக்கும் அந்தப் பயிரின் பூவுக்கு வந்துபோகிற வண்டுக்கும் என்ன ஆகும்? இதை எங்கள் ஊரில் கேட்பவர்கள் குறைவு. பூச்சி என்றாலே மருந்தடிக்க வேண்டியது என்று பழகிவிட்டோம்.

இலங்கையில் இன்றுவரை மரபணு மாற்றிய பயிர் எதையும் வணிக ரீதியாகச் செய்கை பண்ணவில்லை. 2001 இல் அப்படியான உணவுகளுக்கு முழுத் தடை கொண்டுவர அரசாங்கம் முயன்றது. வர்த்தக நெருக்குதலால் அது கிடப்பில் போனது. 2007 ஜனவரியிலிருந்து, அனுமதி இல்லாமல் அந்த உணவுகளை இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது என்ற ஒழுங்குவிதி நடைமுறையில் இருக்கிறது. பயிரே இல்லாத நாட்டில் இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தியாவின் பருத்தி நிலத்தில் மிகப் பெரும் பகுதி இந்த வகை விதைதான். பங்களாதேஷில் கத்தரிக்கே அது வந்துவிட்டது. 2018 இல் இங்கே சேனாப் புழு சோளனைத் தின்று தீர்த்தது. அப்படி ஒரு புழு வந்தபிறகு, புழு தாங்கும் சோளன் விதையைக் கொண்டுவந்தால் என்ன என்ற பேச்சு என்றைக்காவது எழத்தான் செய்யும். அந்தப் பேச்சு எழும்போது பூச்சிகளின் பக்கமாக நின்று கதைக்கச் சிலராவது வேண்டும்.

கத்தரியிலிருந்து தொடங்குகிறேன். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் எங்கள் வீட்டுச் சாப்பாடு அதில்தான் நிற்கிறது. மரபணு மாற்றத்தின் தெற்காசியக் கதையும் பெரும்பாலும் கத்தரியின் கதைதான்.

கத்தரிப் பூவைக் காலையில் கிட்ட நின்று பாருங்கள். நடுவில் மஞ்சளாகக் கூம்பி நிற்கிற மகரந்தப் பைகள் மற்றப் பூக்களில் போல வெடித்துத் திறப்பதில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசித்துவாரம் அளவு வாய் மட்டுமே இருக்கும். தூள் உள்ளுக்குள் அடைந்து கிடக்கும். அதை வெளியில் எடுப்பதற்குப் பூவை அதிரச் செய்ய வேண்டும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுகிற பெரிய கருவண்டுக்குத் தெரியும். வயிற்றில் நீல வரி ஓடுகிற, மண்ணில் வளை தோண்டி வாழ்கிற தனித் தேனீக்கும் தெரியும். பூவைக் காலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பறக்காமல் இறக்கைத் தசையை மட்டும் அதிர விடும். அப்போது எழுகிற சத்தம் பறக்கும்போது கேட்கிற சத்தத்தைவிடக் கூர்மையாக இருக்கும். தூள் சீறிக்கொண்டு வந்து அதன் நெஞ்சில் படியும். கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடிய பயிர்தான். என்றாலும் இவை வந்துபோன பூக்களில் காய் கூடுதலாகப் பிடிக்கிறது. பிடிக்கிற காயும் நன்றாகத் திரள்கிறது. இந்த உதவிக்குக் கூலி கொடுத்தவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை.

அதே செடியில் இன்னொரு சீவன். கத்தரியில் குருத்தையும் காயையும் துளைக்கிற புழு. வெள்ளை இறக்கையில் மண்ணிறத் திட்டுகள் உள்ள சின்ன அந்துப்பூச்சியின் குஞ்சு அது. முட்டை பொரித்துச் சில மணித்தியாலத்துக்குள் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிடும். குருத்து தலை சாய்ந்து வாடுவதைக் கண்டுதான் புழு உள்ளே இருப்பது தெரியும். காயில் என்றால் வெட்டிப் பார்க்கும்வரை தெரியாது. மேலால் எவ்வளவு மருந்தடித்தாலும் உள்ளே இருப்பதற்கு எட்டாது. அதனால் தோட்டக்காரர் ஒருவரும் புழுவைக் கண்டு அடிப்பதில்லை. வரும் என்ற பயத்தில் நாள் கணக்கு வைத்து அடிக்கிறார்கள்.

எங்களுக்குப் பக்கத்துத் தோட்டக்கார அண்ணையிடம் ஏன் இவ்வளவு கிட்டக் கிட்ட அடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பிள்ளை, திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோய் இறக்கினா முதல் என்ன பார்க்கினம்? ஓட்டை இருக்கோ எண்டுதான். பத்துக் காயில ரெண்டில ஓட்டை இருந்தா முழு மூட்டைக்கும் விலை விழும். நீ சொல்லு, நான் அடிக்காம என்ன செய்யிறது?"

இதற்கு என்னிடம் சுலபமான மறுமொழி இல்லை. இந்தப் பத்தி முழுவதும் அவர் கேட்ட கேள்விக்குத்தான் மறுமொழி தேடுகிறேன்.

இந்தப் புழுவுக்கு ஒரு எதிரி இலங்கையிலேயே இருக்கிறது. திரதாலா என்கிற பேரினத்தைச் சேர்ந்த மெல்லிய குளவி. நீண்ட முட்டையிடும் ஊசியைக் குருத்துக்குள் இறக்கி, உள்ளே ஒளிந்திருக்கிற புழுவின் உடம்பிலேயே முட்டை வைக்கும். எங்கள் மருந்துக்கு எட்டாத புழு அதற்கு எட்டும். முட்டையிலிருந்து வருகிற குஞ்சு புழுவை உள்ளிருந்து தின்று வளர்ந்து குளவியாக வெளியில் வரும். இலங்கையில் இதைப் பற்றி முன்பே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 2000 களின் தொடக்கத்தில் ஆசிய மரக்கறி ஆராய்ச்சி நிலையம் இந்தியாவிலும் பங்களாதேஷிலும் இலங்கையிலும் கத்தரிப் புழுவுக்கு ஒருங்கிணைந்த முறையைச் சோதித்தது. அந்த முறையின் ஒரு தூண் இந்தக் குளவிதான். மருந்தடிப்பதை நிறுத்தினால் குளவி பெருகும் என்பதை நம்பி அமைத்த திட்டம் அது. ஆனால் எங்கள் தோட்டங்களில் அடிக்கிற மருந்துக்குப் புழு எது குளவி எது என்று தெரியாது. புழு காய்க்குள் பத்திரமாக இருக்க, வெளியில் திரிகிற குளவிதான் முதலில் சாகிறது.

பொறிவண்டின் நிலைமை இன்னும் பரிதாபம். கத்தரி இலையை அரித்துச் சல்லடையாக்குகிற வண்டு ஒன்று உண்டு. அதுவும் பொறிவண்டுக் குடும்பம்தான். முதுகில் பெரும்பாலும் 28 புள்ளிகள், மேலே மெல்லிய மயிர் படர்ந்து மங்கலாக இருக்கும். அசுவுணியைத் தின்கிற நல்ல பொறிவண்டு வழுவழுப்பாக மினுங்கும். அசுவுணியை நாள் முழுக்கத் தின்று தீர்க்கிற அதையும், இலை தின்னி என்று நினைத்து விரலால் நசுக்குகிறோம். இதைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் தோட்டத்தில் காட்டினால் போதும், வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் பி.ரி விதை வந்து சேர்கிறது. பி.ரி என்று சுருக்கிச் சொல்கிற பசிலஸ் துரிஞ்சியன்சிஸ் என்பது மண்ணில் வாழ்கிற பற்றீரியா. 1901 இல் யப்பானில் பட்டுப்புழுக்கள் கூட்டமாகச் செத்ததை ஆராய்ந்தபோது முதலில் கண்டார்கள். 1911 இல் ஜேர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் மாவு அந்தின் புழுவில் மறுபடி கண்டார்கள். பெயர் அந்த மாநிலத்திலிருந்து வந்தது. இந்தப் பற்றீரியா செய்கிற ஒரு புரதம் புழுவின் குடலுக்குள் போனதும், அங்குள்ள காரத்தன்மையில் கரைந்து நஞ்சாக மாறும். குடற்சுவரில் அதற்கென்று பொருந்துகிற இடத்தில் ஒட்டி ஓட்டை போடும். பூட்டுக்கு ஏற்ற திறப்பு மாதிரி. அந்தப் பூட்டு இல்லாத குடலில் அது ஒன்றும் செய்யாது. அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்துக்கு ஒரு வகைப் புரதம், வண்டுக் குடும்பத்துக்கு வேறொரு வகை. தேனீயின் குடலுக்கு இவை பொருந்துவதில்லை. இரசாயனம் வேண்டாம் என்கிற இயற்கை விவசாயிகளே பல காலமாக இந்தப் பற்றீரியாவைத் தண்ணீரில் கலந்து தெளித்துவருகிறார்கள்.

அந்தப் புரதத்தைச் செய்கிற மரபணுவைப் பயிருக்குள் புகுத்தியதுதான் பி.ரி விதை. தெளிக்கிற பி.ரிக்கும் விதைக்குள் வைத்த பி.ரிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. தெளித்தது வெயிலில் சில நாளில் அழிந்துவிடும். விதைக்குள் வைத்தது குருத்து, இலை, காய் எங்கும், பயிர் நிற்கிற காலம் முழுவதும் இருக்கும். குருத்துக்குள் நுழைகிற புழு முதல் கடியிலேயே அதைத் தின்னும். புழுவுக்குக் கேடு செய்வதில் இதைவிடக் கெட்டித்தனமான வழி இல்லை. பயமும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது.

அந்தப் பயத்துக்கு முகம் கொடுத்தது ஒரு வண்ணத்துப்பூச்சி. 1999 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் நேச்சர் சஞ்சிகையில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். பி.ரி சோளனின் மகரந்தத்தைத் தூவிய இலையை மொனாக் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்குக் கொடுத்தபோது நான்கு நாளில் 44 சதவீதம் செத்தன. மகரந்தம் இல்லாத இலையைத் தின்றவற்றில் ஒன்றும் சாகவில்லை. உலகம் முழுக்கச் செய்தியானது. மொனாக் தின்கிற செடி எங்கள் எருக்கலைக்குச் சொந்தக்காரச் செடி. எங்கள் ஊர் எருக்கலையில் வளர்கிற வெந்தய வரியனும் மொனாக்கின் ஒன்றுவிட்ட சகோதரம். அதனால் எனக்கு அந்தச் செய்தி தூரத்து அமெரிக்கச் செய்தியாகத் தெரியவில்லை.

பிறகு நடந்ததைச் செய்தித்தாள்கள் அவ்வளவு சொல்லவில்லை. அமெரிக்க, கனேடிய ஆய்வாளர்கள் பலர் வயலுக்கே போய் அளந்தார்கள். உண்மையான வயலோரச் செடிகளில் மகரந்தம் எவ்வளவு விழுகிறது, விழுகிற காலமும் புழு இருக்கிற காலமும் எவ்வளவு ஒத்துப்போகிறது, எந்த வகைச் சோளனின் மகரந்தத்தில் நஞ்சு எவ்வளவு என்றெல்லாம் பார்த்தார்கள். 2001 இல் முடிவுகள் வந்தன. அதிகம் பயிரிட்ட வகைகளின் மகரந்தத்தால் மொனாக்குக்கு வயலில் வருகிற ஆபத்து மிகச் சிறியது. ஒரே ஒரு வகையின் மகரந்தத்தில் மட்டும் நஞ்சு கூடுதலாக இருந்தது. அது சந்தையிலிருந்து போய்விட்டது. ஆய்வுகூடத்தில் கண்டது பொய்யல்ல. வயலில் அந்த அளவு நேர்வதில்லை என்பதுதான் விசயம். அந்த முதல் கட்டுரை வராவிட்டால் யாரும் வயலுக்குப் போய் அளந்திருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண்ணாடி இறக்கைப் பூச்சியின் கதையும் இப்படித்தான் போனது. அசுவுணி தின்கிற, எல்லாத் தோட்டத்துக்கும் நல்லது செய்கிற பூச்சி. 1998 இல் சுவிற்சர்லாந்தில் பி.ரி சோளன் தின்ற புழுக்களை அதற்கு இரையாகக் கொடுத்தபோது கூடுதலாகச் செத்தது. பின்னால் வந்த சோதனைகள் நஞ்சு நேராக அதைத் தாக்கவில்லை என்று காட்டின. நஞ்சு தின்று நோயில் கிடந்த புழுவில் சத்தில்லை, சத்தில்லாத இரையைத் தின்றது இளைத்துச் செத்தது. வயலில் அதன் முக்கிய இரையான அசுவுணி செடியின் சாற்றைத்தான் உறிஞ்சுகிறது, அந்தச் சாற்றில் நஞ்சு கிட்டத்தட்ட இல்லை. ஆகவே வயலில் அதற்குப் பெரிய கேடு வரவில்லை.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மை இல்லை. வட சீனாவில் 1997 முதல் பி.ரி பருத்தி பரவியது. 1990 முதல் 2010 வரை ஆறு மாகாணங்களில் 36 இடங்களில் எடுத்த கணக்கை 2012 இல் வெளியிட்டார்கள். பருத்திக்கு மருந்தடிப்பது குறைந்ததும் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிலந்தி மூன்றும் பெருகின. அசுவுணி குறைந்தது. பக்கத்து நிலக்கடலை, சோயா, சோள வயல்களுக்கும் அந்த நல்ல பூச்சிகள் போய்ச் சேர்ந்தன. ஒருவர் மருந்தைக் குறைத்தால் பக்கத்துத் தறைக்காரருக்கும் பலன் கிடைக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி நான் படிக்கவில்லை.

ஆனால் அதே சீனாவில், அதே பருத்தியில், 2010 இல் வேறொரு கணக்கு வந்தது. முன்பு புழுவுக்கு அடித்த மருந்தில் சேர்ந்து செத்துக்கொண்டிருந்த சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகள், மருந்து நின்றதும் தலையெடுத்தன. பருத்தியில் மட்டும் நிற்காமல் பழத் தோட்டங்களுக்கும் பரவின. பி.ரி புழுவுக்குத்தான். சாறு உறிஞ்சுகிறதுக்கு அது ஒன்றும் செய்யாது. இந்தியாவிலும் 2015 இல் பஞ்சாப் பருத்தியை வெண்ணீ நாசமாக்கியபோது பி.ரி விதை கைகொடுக்கவில்லை.

2007 இல் 42 வயற் சோதனைகளை ஒன்றாக்கிப் பார்த்த ஒரு ஆய்வு இந்தக் குழப்பத்தை எனக்குத் தெளிவாக்கியது. மருந்தடித்த சாதாரண வயலோடு ஒப்பிட்டால் பி.ரி வயலில் நல்ல பூச்சிகள் அதிகம். மருந்தே அடிக்காத சாதாரண வயலோடு ஒப்பிட்டால் சில வகைப் பூச்சிகள் பி.ரி வயலில் குறைவு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. பி.ரி நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்பவர், எதோடு ஒப்பிட்டு என்று சொல்லாமல் கேட்கிறார். அண்ணையின் கத்தரித் தறையோடு ஒப்பிட்டால் பி.ரி கத்தரித் தறையில் கருவண்டுக்கும் சிலந்திக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும் என்றே நான் நம்புகிறேன். இதைச் சொல்வதால் என்னோடு கோபிக்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். ஆனால் இயற்கை விவசாயத்தில் உள்ள ஆசையால் இன்றைய தோட்டத்தில் நடப்பதைப் பார்க்காமல் விட முடியாது. அங்கே ஏற்கெனவே நஞ்சு இருக்கிறது, அது எல்லாவற்றையும் கொல்கிறது.

குளவிக்கு மட்டும் இந்த ஆறுதல் இல்லை. திரதாலாக் குளவிக்குக் கத்தரித் தோட்டத்தில் புழு வேண்டும். பி.ரி செடியில் புழு குஞ்சிலேயே செத்துவிட்டால் முட்டை வைக்க உடம்பு இல்லை. அமெரிக்கச் சோளத்தில் துளைப்பான் புழு குறைந்தபோது அதை மட்டும் நம்பியிருந்த ஒட்டுண்ணிக் குளவியும் பி.ரி வயல்களில் குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். இதை நஞ்சின் பக்கவிளைவு என்று சொல்ல முடியாது, பட்டினி. புழு இல்லாதபோது குளவி எதற்கு என்று கேட்கலாம். புழு திரும்பி வரும். அதனால்தான் குளவி வேண்டும்.

திரும்பி வருவது கற்பனை இல்லை. இந்தியாவில் பி.ரி பருத்திக்கு 2002 இல் அனுமதி கொடுத்தார்கள். 2010 இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை விதையைத் தாங்கிவிட்டது என்று உறுதியானது. இரண்டு நஞ்சு வைத்த இரண்டாம் தலைமுறையையும் அது சில வருடங்களில் தாங்கத் தொடங்கியது. அதைத் தள்ளிப்போட ஒரு வழி சொல்லியிருந்தார்கள்: பி.ரி வயலைச் சுற்றி ஐந்து வரிசை அல்லது மொத்தத்தில் 20 சதவீதம் சாதாரண பருத்தி நட வேண்டும். நஞ்சு தாங்காத புழுக்களும் கொஞ்சம் வாழ்ந்தால், தாங்குகிற புழுக்கள் அவற்றோடு கலந்து பலம் குறையும். பெரும்பாலானோர் நடவில்லை. சின்ன நிலக்காரர் தன் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விட்டுக்கொடுக்க எப்படி மனம் வரும்? அமெரிக்காவில் அதே புழுவை, பி.ரி பருத்தியோடு மலட்டு அந்துகளையும் பறக்கவிட்டு, 2018 இல் பருத்தி நிலங்களிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். விதை இரண்டு நாட்டிலும் ஒன்றுதான், அதைச் சுற்றி இருந்த ஏற்பாடு வேறு. எங்கள் தோட்டங்களில் ஒருவருக்கு நாலு பரப்பு, பக்கத்தவருக்கு ஆறு பரப்பு. யார் யாருக்காகச் சாதாரண கத்தரி நடுவது? இதற்கு மறுமொழி இல்லாமல் இந்த விதையை இங்கே இறக்கக் கூடாது.

கத்தரியை எடுத்துக்கொண்டால் இந்தியா 2009 ஒக்ரோபரில் நிபுணர் குழு மட்டத்தில் அனுமதித்து, 2010 பெப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். பங்களாதேஷ் 2013 இல் அனுமதித்து 2014 இல் 20 விவசாயிகளோடு தொடங்கியது. அங்கே பூச்சி மருந்துக்கான செலவு குறைந்தது. வெண்ணீக்கும் தத்துப்பூச்சிக்கும் அடிப்பது நிற்கவில்லை. பிலிப்பைன்ஸில் நீதிமன்றத்துக்கும் வயலுக்கும் நடுவில் அது இன்னும் இழுபடுகிறது. கத்தரியின் பிறப்பிடமே இந்தப் பக்கம் என்பதையும், அதன் காட்டு உறவுகள் இலங்கையிலும் வளர்கின்றன என்பதையும், மகரந்தத்தைச் சுமப்பது மேலே சொன்ன அதே கருவண்டுகள் என்பதையும் யோசிக்காமல் முடிவெடுக்க முடியாது.

இனி நான் திட்டவட்டமாக எதிர்க்கிற ஒன்று. மரபணு மாற்றிய பயிர் என்றால் எல்லாரும் பி.ரியை நினைக்கிறார்கள். உலகத்தில் கூடுதலாகப் பயிரிடுவது களைநாசினி தாங்கும் பயிர்தான். அடித்தால் பயிர் சாகாது, மற்றப் பச்சை எல்லாம் சாகும். அந்தப் பயிரில் பூச்சியைத் தாக்குகிற புரதம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் பூச்சிகளுக்கு அதிகம் கேடு செய்தது இதுதான் என்பது என் முடிவு. மொனாக் வண்ணத்துப்பூச்சிக்கு உண்மையான அடி மகரந்தத்தால் வரவில்லை. 1999 க்கும் 2010 க்கும் இடையில் அமெரிக்க மத்திய மேற்கில் அது தின்கிற செடி 58 சதவீதம் குறைந்துபோனது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சோளன், சோயா வயல்களுக்குள் களையாக நின்ற செடியைக் கிளைபோசேட் என்ற களைநாசினி துடைத்துவிட்டது. இங்கிலாந்தில் 2003 இல் வெளியான பெரிய வயற் சோதனையில் ஒவ்வொரு வயலையும் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். பீற்றூட் இனத்திலும் எண்ணெய்க்காகப் பயிரிடுகிற ரேப்பிலும் களைநாசினி தாங்கும் பாதியில் களை விதை குறைந்து, தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் குறைந்தன. சோளனில் மட்டும் மாறாகக் கூடின. காரணம், சாதாரண சோளனுக்கு அங்கே அத்திரசீன் என்ற இன்னும் கடுமையான களைநாசினி அடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

விதையின் மேற்பூச்சையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் விற்கிற மரபணு மாற்றிய சோள விதையில் பெரும்பகுதி நியோனிக்கொட்டினொயிட் என்கிற வகைப் பூச்சி மருந்து பூசியே வருகிறது. இந்தியப் பருத்தி விதையில் அதே வகையைச் சேர்ந்த இமிடாகுளோபிரிட். செடி முழுக்க ஊடுருவிப் பூவரைக்கும் போகக்கூடிய மருந்துகள் இவை. தேனீக்குக் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் இவற்றில் மூன்றைத் திறந்த வெளியில் பாவிக்கத் தடை செய்தது. புழுவுக்கு நஞ்சு உள்ளே இருக்கிறது, தேனீக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி விற்கிற விதையின் தோலில் தேனீக்கான நஞ்சு இருந்தால் அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு?

யாழ்ப்பாணத்தில் களைநாசினிப் பயிர் வந்தால் எது போகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது வராமலே போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் தோட்டங்களின் பூச்சி வளம் தோட்டத்துக்குள் இல்லை, அதைச் சுற்றியிருக்கிற வேலியில் இருக்கிறது. கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை, நடுவில் முருங்கை, அடியில் எருக்கலை, தும்பை, நாயுண்ணி. சீமைக்கிளுவை பூக்கிற மாதங்களில் அதன் ஊதாப் பூவில் கருவண்டு மொய்க்கும். தும்பையில் சின்னக் குளவிகள் தேன் குடிக்கும். புழுவில் முட்டை வைக்கிற ஒட்டுண்ணிக் குளவி பெரிதானபின் உயிர் வாழ்வது பூந்தேனில்தான். வேலியில் பூ இல்லையென்றால் தோட்டத்தில் குளவி நிற்காது. அந்த வேலியை வெட்டி மதில் எழுப்புகிறோம். மதில் எழுப்ப முடியாதவர்கள் வேலியடிக்குக் களைநாசினி அடித்துச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். பழைய மண் சுவர்களில் வளை தோண்டி வாழ்ந்த நீலவரித் தேனீக்குச் சீமெந்துச் சுவரில் இடமில்லை. உக்கின பனஞ்சிலாகை இல்லாத கூரையில் கருவண்டுக்கு வேலை இல்லை. 2015 இல் கிளைபோசேட்டுக்கு நாடு முழுவதும் தடை வந்தது, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள், பிறகு முழுவதும் திரும்பி வந்துவிட்டது. 2021 இல் எல்லா விவசாய இரசாயனத்தின் இறக்குமதியையும் ஒரே இரவில் நிறுத்தி, நவம்பரில் கைவிட்டார்கள். அந்தத் தடை எதைத் தந்தது என்றால், மருந்தில்லாத விவசாயம் என்ற சொல்லையே தோட்டக்காரர் வெறுக்கும்படி செய்தது. குளவி ஒன்று பெருகுவதற்குக் கூடப் பருவங்கள் வேண்டும். அரசாங்கம் அதற்குக் கால அவகாசம் கொடுக்கவில்லை.

ஆகவே என் நிலைப்பாடு இதுதான். களைநாசினி தாங்கும் விதை எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம். பி.ரி கத்தரியைப் பற்றிப் பேச நான் தயார், ஆனால் விதை தோட்டத்துக்கு வருமுன் எங்கள் மண்ணில் எங்கள் பூச்சிகளை எண்ணிக் காட்ட வேண்டும். கருவண்டு, நீலவரித் தேனீ, திரதாலா, பொறிவண்டு, சிலந்தி, இவற்றைப் பெயர் பெயராக. திருநெல்வேலியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கிளிநொச்சியில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. தேனீ என்றால் உலகம் முழுக்கப் பெட்டித் தேனீயைத்தான் சோதிக்கிறார்கள். கத்தரிப் பூவுக்கு வருகிற தனித் தேனீயைச் சோதித்தவர்கள் மிகக் குறைவு. மூன்று தறையை அருகருகே வைத்து எண்ண வேண்டும்: இப்போது அடிக்கிறபடி அடித்த தறை, பி.ரி தறை, குளவியை நம்பி மருந்தை நிறுத்திய தறை. மூன்றாவது தறை இல்லாத எந்தச் சோதனையையும் நான் ஏற்க மாட்டேன், ஏனென்றால் அது தோற்கக்கூடியதோடு மட்டும் ஒப்பிட்டு பி.ரியை வெல்ல வைப்பது.

அந்த மூன்றாவது தறையைப் பற்றித்தான் இப்போது அண்ணையோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன். வாடின குருத்தைக் கண்டவுடன் வெட்டி எரிப்பது, ஆண் அந்தைப் பிடிக்கிற பெரமோன் பொறி கட்டுவது, அறுவடை முடிந்த பழைய கத்தரிக் கட்டைகளைத் தறையில் விடாமல் இழுத்து எரிப்பது, கடும் மருந்தை நிறுத்திக் குளவிக்கு இடம் விடுவது.

"எல்லாம் சரி பிள்ளை. நான் வெட்டுறன். பக்கத்துத் தறைக்காரன் வெட்டேல்லையெண்டா அந்து அங்க இருந்து பறந்து வராதே?"

வரும். அந்த முறையைப் பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து செய்தால்தான் பலன் என்பது அதைச் சோதித்த இடங்களிலேயே தெரிந்த விசயம். கமக்கார அமைப்பின் அடுத்த கூட்டத்தில் இதை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பொறிக்கான கவர்ச்சி மருந்துக்கு யார் காசு கொடுப்பது, ஒரு போகத்துக்கு ஓட்டைக் காயால் வருகிற நட்டத்தை எப்படிப் பகிர்வது, வேலியடியில் தும்பையை விட யார் யார் சம்மதிப்பார்கள் என்று மூன்று கேள்வியை ஒரு கொப்பித் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.